சண்டிகார் நகரத்துக் கதிரைகள்

கதிரை என்னும் சொல் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்ற சொல். மேசை, அலுமாரி, வாங்கு என்பனவும் அவ்வாறு வந்தவையே. கந்தோர் என்பது ஒல்லாந்தர் தந்தது. ஆள வந்தோர் போய்விட்டனர். அவர்கள் புழங்கிய பொருள்களின் பெயர்கள் நம் வீட்டுக் கூடத்திலும் கந்தோரிலும் தங்கிவிட்டன. மன்னர் வீற்றிருந்த சிங்காசனத்துக்கு வரலாறு எழுதுவார் பலர் உளர். எழுதுவினைஞர் ஒருவர் முப்பது ஆண்டுகள் அமர்ந்து கோப்புகளைப் புரட்டிய கதிரைக்கு வரலாறு எழுதுவார் மிகச் சிலரே. அத்தகைய கதிரை ஒன்றின் வரலாற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல முற்படுகின்றேன். அது பிறந்த இடம் வட இந்தியாவிலுள்ள சண்டிகார் நகரம்.

1947ஆம் ஆண்டு இந்தியா இரண்டாகப் பிரிந்தபோது பஞ்சாப் மாகாணமும் இரண்டாகப் பிளந்தது. அதன் தலைநகராகப் புகழ்பெற்று விளங்கிய லாகூர், பாக்கிஸ்தானின் பங்காயிற்று. இந்தியாவின் பக்கம் எஞ்சிய கிழக்குப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லை. இலட்சக்கணக்கான அகதிகள் எல்லையைத் தாண்டி வந்து குவிந்த அக்காலத்தில், சிம்லா மலைநகரம் தற்காலிகத் தலைநகராயிற்று. இழந்த நகருக்கு ஈடாகப் புதியதொரு நகரை எழுப்புவதென அரசு துணிந்தது. சிவாலிக் மலையடிவாரத்திலே, சிற்றூர்களும் வயல்களும் பரந்திருந்த சமவெளியொன்று அதற்கெனத் தெரிவு செய்யப்பட்டது. அங்கிருந்த சண்டி கோயிலின் பெயராலே நகருக்கும் பெயர் சூட்டப்பெற்றது.

முதலில் நகரின் அமைப்பை வரைந்தவர் அமெரிக்கரான அல்பேர்ட் மேயர். அவருடன் இணைந்து பணிபுரிந்தவர் போலந்து நாட்டிற் கல்வி கற்ற மத்தியூ நோவிட்ஸ்கி. 1950ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் எகிப்தில் நிகழ்ந்த விமான விபத்தில் நோவிட்ஸ்கி உயிரிழந்தார். அதன் பின்னர் பஞ்சாப் அரசின் அதிகாரிகள் இருவர் ஐரோப்பாவுக்குச் சென்று கட்டடக்கலைஞரைத் தேடினர். மக்ஸ்வெல் ஃப்றை, ஜேன் ட்றூ என்னும் ஆங்கிலத் தம்பதியரும், பாரிஸ் நகரில் வாழ்ந்த லெ கொர்பூசியேயும், அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியேர் ஜான்னரேயும் இப்பணிக்கு அமர்த்தப்பட்டனர். 1951ஆம் ஆண்டு தொடக்கத்தில் வேலை ஆரம்பமாயிற்று. 1953ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் நகரைத் திறந்து வைத்தார்.

லெ கொர்பூசியேயின் பெயரை உலகம் அறியும். அவர் ஆண்டுக்கு இருமுறை வந்து, சில வாரங்கள் தங்கிச் செல்வார். நகரிலேயே வீடு கொண்டு, வெயிலிலும் புழுதியிலும் நின்று, ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் அப்பணியை நடத்தியவர் பியேர் ஜான்னரே. 1896ஆம் ஆண்டு ஜெனீவாவில் பிறந்த இவர் அடக்கமான இயல்பினர். 1920களின் இறுதியில் இவ்விருவரும் ஷார்லொத் பெரியான் என்னும் பெண்மணியோடு சேர்ந்து உருக்குக் குழாயினால் ஆக்கிய கதிரைகள், அக்காலத்துப் பாரிஸ் மாநகரையே வியக்க வைத்தன. பின்னர் யுத்தம் மூண்டது. லெ கொர்பூசியே விஷி அரசின் தயவை நாடினார். ஜான்னரேயோ ஜெர்மானியரை எதிர்த்து நின்ற இயக்கத்தின் பக்கம் சாய்ந்தார். பிரிந்த அவ்விரு உறவினரையும் ஏறத்தாழப் பத்தாண்டுகளின் பின் மீண்டும் ஒன்று சேர்த்தது சண்டிகார்.

புதுநகரிலே தலைமைச் செயலகம், உயர்நீதிமன்றம், சட்டசபை, பல்கலைக்கழகம், நூல்நிலையம் எனக் கட்டடங்கள் எழுந்தன. அவற்றினுள்ளே ஆயிரக்கணக்கானோர் அமர வேண்டும்; எழுத வேண்டும்; கோப்புகளை அடுக்க வேண்டும். இதற்கான தளபாடங்களுக்கு எங்கே போவது? உருக்குக் குழாய்க் கதிரைகளை ஐரோப்பாவிலிருந்து தருவிக்கப் பணம் இல்லை. அவற்றைச் செய்யும் தொழிற்சாலையும் அங்கில்லை. இருந்தவை மூன்று: மரம், பிரம்பு, தச்சர் கை. இம்மூன்றையும் கொண்டே வழி காண வேண்டுமென்பதை ஜான்னரே உணர்ந்தார்.

தேக்கு மரம் கறையானுக்கு எளிதில் இடங்கொடாது. மழைக்கால ஈரத்தில் நெளிந்து போகாது. வடநாட்டார் ஷீஷம் என வழங்கும் மரமும் உறுதி மிக்கது. இருக்கைக்கும் முதுகுச் சாய்வுக்கும் பிரம்புப் பின்னல் அமைந்தது. பஞ்சாபின் கோடை எத்தகையது என்பதை அறிந்தோர்க்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. பின்னலின் கண்கள்தோறும் காற்றுப் புகும், வியர்வை உலரும். பின்னல் அறுந்தால் மறுபடி பின்னிக்கொள்ளலாம்; கதிரையை எறிய வேண்டியதில்லை.

இனிக் கால்களின் அமைப்பைப் பார்ப்போம். தச்சர் கையாளும் கவராயத்தை விரித்து நிறுத்தினால் எவ்வாறு தோன்றுமோ, அவ்வாறே இக்கதிரையின் முன்காலும் பின்காலும் கைப்பிடியின் கீழ் ஒன்றுகூடி, நிலத்தை நோக்கி விரிந்து நிற்கும். பக்கத்திற்கு ஒன்றாக இவ்வாறான இரண்டு சட்டங்கள். இடையே இருக்கையும் சாய்வும். பார்வைக்கு எளிமையானது, ஆனால் பாரம் முழுவதையும் தாங்கித் தரையில் இறக்கும் உபாயம் அதனுள் அடங்கியிருக்கின்றது. செதுக்கு வேலை இல்லை. பித்தளைப் பூண் இல்லை. அதே கவராயக் கால்களையே மேசைக்கும் வாங்குக்கும் ஏற்றவாறு மாற்றிக்கொண்டனர். நீதிபதியின் கதிரைக்குத் தோல் உறை வந்தது. எழுதுவினைஞரின் கதிரைக்குப் பிரம்பு வந்தது. எலும்புக்கூடோ ஏறத்தாழ ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. குடியாட்சி பிறந்த புதிதிலே எழுந்த ஒரு நகருக்கு இது பொருத்தமே அன்றோ?

தளபாடங்கள் தவிர்ந்த அலங்காரப் பொருள்களும் இவ்வாறே தேவையினின்று பிறந்தன. உயர்நீதிமன்ற மண்டபங்களில் எதிரொலி மிகுந்து பேச்சு விளங்காமற் போகுமென்று கருதி, சுவரை மறைக்கும் பெரிய கம்பளங்கள் ஒன்பதை லெ கொர்பூசியே வரைந்தார். காசுமீரத்து நெசவாளர் அவற்றை நெய்து கொடுத்தனர். தெருவின் கீழ் ஓடும் வடிகாலை மூடும் இரும்பு மூடியிலேகூட நகரின் வரைபடம் வார்க்கப்பட்டிருந்தது.

இத்தனைக்கும் உரியவர் ஜான்னரே ஒருவரே எனக் கூறுதல் முறையாகாது. அவருடன் இளம் இந்தியக் கட்டடக்கலைஞர் பலர் பணிபுரிந்தனர். அவர்களுள் யூலி சௌத்திரி என்னும் பெண்மணி தளபாட வடிவமைப்பிற் பெரும்பங்கு கொண்டவர். பிற்காலத்தில் அரியானா, சண்டிகார், பஞ்சாப் ஆகிய மூன்று ஆட்சிகளின் கீழும் தலைமைக் கட்டடக்கலைஞர் பதவியை அவர் வகித்தார். வரைபடங்கள் பல பட்டறைகளுக்கு அனுப்பப்பட்டன. அங்கே பெயர் அறியப்படாத தச்சர்கள் கையினால் அறுத்து, இழைத்து, பொருத்தினர். ஒரு பட்டறையின் கால் சற்றுத் தடித்திருக்கும். மற்றொன்றின் கைப்பிடி சற்று வளைந்திருக்கும். ஒரே வரைபடத்தைப் பல கைகள் வாசித்ததன் அடையாளம் அது.

கதிரைகள் கந்தோர்களுக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் எந்தத் திணைக்களம், எத்தனையாவது பொருள் என்பதைக் காட்டும் எழுத்தும் இலக்கமும் சாயத்தினால் இடப்பட்டன. கணக்காளர் ஆண்டுதோறும் எண்ணிப் பார்ப்பதற்காக இட்ட குறி அது. இக்குறியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

1965ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் லெ கொர்பூசியே காலமானார். அதே ஆண்டில் ஜான்னரே நோயுற்றவராய்ச் சண்டிகாரை விட்டு நீங்கினார். 1967ஆம் ஆண்டு டிசம்பரில் ஜெனீவாவில் உயிர் துறந்தார். அவருடைய விருப்பத்தின்படி அவரது சாம்பல் சண்டிகாருக்குக் கொண்டுவரப்பட்டு, அங்குள்ள சுக்னா ஏரியிற் கரைக்கப்பட்டது. இதனிடையே 1966ஆம் ஆண்டு பஞ்சாப் மீண்டும் பிரிக்கப்பட்டு அரியானா தோன்றியது. சண்டிகார் இரண்டுக்கும் பொதுத் தலைநகராயிற்று. ஆட்சிகள் மாறின, கதிரைகள் மாறவில்லை. அவற்றின் மீது அமர்ந்தே வழக்குகள் கேட்கப்பட்டன, மாணவர் படித்தனர், விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டன, மறுக்கவும்பட்டன.

ஆண்டுகள் செல்லச் செல்லப் பின்னல் அறுந்தது. பின்னுவோரை அழைக்கும் வழக்கம் அருகியது. இரும்பாலும் பிளாஸ்திக்காலும் செய்த புதுக் கதிரைகள் கந்தோர்களுட் புகுந்தன. பழையவை கட்டடங்களின் மொட்டை மாடிகளிலும் முற்றங்களிலும் மலைபோற் குவிந்து, மழையில் நனைந்தன. உடைந்த பொருளை ஏலத்தில் விற்பது அரசு விதி. அவ்விதியின்படி கழிபொருள் ஏலங்கள் நடந்தன. விறகு விலைக்கும் சில நூறு ரூபாய்க்கும் கதிரைகள் கைமாறின.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரத்து வணிகர் சிலர் இவ்வேலங்களை நாடி வந்தனர். வாங்கியவற்றைக் கப்பலேற்றினர், பழுது பார்த்து மெருகேற்றினர், நூல்கள் வெளியிட்டனர், கண்காட்சிகள் நடத்தினர். பாரிஸ், லண்டன், நியூயோர்க் ஆகிய நகரங்களின் ஏலக்கூடங்களிலே அதே கதிரைகள் இலட்சக்கணக்கான ரூபாய் பெறுமதிக்கு விலைபோயின. வடிகால் மூடிகளும் விற்பனைக்கு வந்தன. கணக்காளர் இட்ட அந்தச் சாயக் குறி என்னவாயிற்று தெரியுமா? அதுவே பொருள் உண்மையானது என்பதற்குச் சான்றாயிற்று. குறியுள்ள கதிரைக்கு விலை கூடிற்று. அதனால் அதைத் துடைக்காமற் பாதுகாத்தனர். காலப்போக்கிற் போலிக் குறிகளோடு போலிக் கதிரைகளும் சந்தைக்கு வந்தன. ஏமி சீகல் என்னும் அமெரிக்கக் கலைஞர் 2013ஆம் ஆண்டு இக்கதிரைகளின் பயணத்தை ஒரு திரைப்படமாக்கினார். செல்வர் இல்லத்திலே தொடங்கி, ஏலக்கூடம், துறைமுகம் எனப் பின்னோக்கிச் சென்று, சண்டிகார்க் கந்தோரில் அப்படம் முடிகின்றது. அப்படத்தின் பிரதியே அதே ஆண்டில் லண்டனில் ஏலத்தில் விற்கப்பட்டது.

இந்திய அரசு இதனைத் தடுத்திருக்கலாகாதா எனக் கேட்கலாம். 1972ஆம் ஆண்டின் இந்தியத் தொல்பொருட் சட்டம் நூறு ஆண்டுக்குக் குறையாத பொருளையே தொல்பொருள் என ஏற்கின்றது. கதிரைகளின் வயதோ ஐம்பது. எனவே வாங்கியோர் செய்தது திருட்டன்று; முறைப்படி நடந்த ஏலத்திற் பணங்கொடுத்தே வாங்கினர். தாம் வாங்கியிராவிடின் அவை விறகாகியிருக்குமே என்று அவர்கள் சொல்லும் வாதத்தையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2011ஆம் ஆண்டு இந்திய உள்துறை அமைச்சு, இம்மரபுப் பொருள்களை விற்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ கூடாதெனக் கட்டளையிட்டது. எஞ்சியவை கணக்கெடுக்கப்பட்டபோது பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள் பட்டியலில் இடம்பெற்றன. 2016ஆம் ஆண்டு நகரின் தலைமைக் கட்டடத் தொகுதியை யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 2017ஆம் ஆண்டு ஜான்னரே வாழ்ந்த வீடு அரும்பொருளகமாகத் திறக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் என் மனத்தை உறுத்துவது ஒன்றுண்டு. கதிரையைக் கழித்த அதிகாரி அதன் விலையை அறிந்திருக்கவில்லை, அது குற்றமாகாது. அதைப் பழுது பார்க்கத்தக்க பொருள் என்று கருதும் பழக்கத்தை அவர் இழந்திருந்தார். இழப்பு அங்கேதான் தொடங்கிற்று. பின்னலை மாற்றுவதற்குச் சிறு தொகை போதும். அச்சிறு தொகை செலவிடப்படாமையினாலே ஒரு நகரின் ஞாபகம் கடல் கடந்தது. ஏலத்திற் பெரும்பணம் புழங்கியபோதும், அதில் ஒரு காசேனும் அதனைச் செய்த தச்சரின் குடும்பத்துக்குச் செல்லவில்லை. ஏலப் பட்டியல்களில் ஜான்னரேயின் பெயர் இருக்கின்றது. திணைக்களத்தின் குறி இருக்கின்றது. தச்சரின் பெயர் இல்லை.

நம் நாட்டிலும் அதே காலத்தில் இத்தகைய நோக்கத்தோடு உழைத்தவர் ஒருவர் உளர். கண்டியிற் பிறந்த மினற் டி சில்வா 1947ஆம் ஆண்டிலேயே லெ கொர்பூசியேயை அறிந்தவர். பின்னரும் அவரோடு நட்புப் பூண்டிருந்தவர். 1951ஆம் ஆண்டளவிற் கண்டியில் அவர் கட்டி முடித்த கருணாரத்ன இல்லத்திலே, தும்பறைப் பாய் நெய்வோரும் அரக்கு வேலைக்காரரும் புதுமைக் கட்டடத்தின் பங்காளிகளாயினர். புதுமையை நாடுவோர் உள்ளூர்க் கைகளைத் தேடிச் செல்வதும், அக்கைகளின் ஆக்கத்தைப் பின்வந்தோர் மறந்துவிடுவதும் பஞ்சாபுக்கு மட்டும் உரிய கதையல்ல.

நேயர்கள் வீட்டிலும் பிரம்பு அறுந்த சாய்மனைக் கதிரையொன்று விறாந்தையின் மூலையிற் கிடக்கக்கூடும். அதற்கு இலட்ச ரூபாய் கிடைக்குமென நான் ஆசை காட்டவில்லை. அதைச் செய்த தச்சர் யார், எந்த ஊரார், எந்த மரத்தில் அறுத்தார் என்பதை அறிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், இன்று மாலையே கேட்டு ஒரு தாளில் எழுதி, இருக்கைச் சட்டத்தின் அடியில் ஒட்டி வையுங்கள். சண்டிகாரின் கணக்காளர் எழுதத் தவறிய குறி அதுதான்.