நீர் குடியிருக்கும் குகைகள்

வவுனியாவைச் சார்ந்த பெரியபுளியங்குளத்துக் கற்குகையொன்றில், விசாகன் என்னும் தமிழ் வணிகனின் குகை இஃது என்று கிறிஸ்துவுக்கு முற்பட்ட பிராமி எழுத்திலே பொறிக்கப்பட்டுள்ளது. அதற்கு வடக்கே, யாழ்ப்பாணக் குடாநாட்டில் அத்தகைய உறைவிடத்தைத் தேடிச் செல்வோர் ஏமாற்றமே அடைவர். கீரிமலை என்று ஊருக்குப் பெயருண்டு, மலைதான் இல்லை.

எனினும் குகைகள் உள. அவை நிலத்தின் கீழே உள்ளன. மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லை மழைநீர் நெடுங்காலமாகக் கரைத்துக் குடைந்த வெற்றிடங்கள் அவை. அவ்வாறு குடையப்பட்ட கல்லின் கூரை இடிந்து வீழ்ந்தமையால் தோன்றியதே நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கேணி. கீரிமலையிலோ, உப்புக்கடலின் அருகிலேயே நன்னீர் ஊற்றெடுக்கின்றது! வற்றாத ஆறொன்றும் ஓடாத இந்நாட்டில் மக்கள் குடியேறி வாழ்ந்தது இந்த நிலத்தடி நீரை நம்பியே. அவர்தம் தொன்மைக்குக் கந்தரோடை சான்று பகரும். 1970ஆம் ஆண்டு அகழ்வில் அங்கே கருஞ்செந்நிறப் பாண்டங்கள் வெளிப்பட்டன. மலைக்குகை வாய்க்காத அவ்வூரில், பிற்காலத்துப் பௌத்தர் முருகைக்கல்லைச் செதுக்கிச் சிறு தூபிகளை எழுப்பினர்.

நிலாவரையில் மேலே நன்னீர், ஆழத்திலே உவர்நீர். கனங்குறைந்த நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. துலாவால் இறைத்த காலத்தில் அந்நிலை பெரிதும் குலையவில்லை. நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தபின், அளவுமீறி இறைக்கப்பட்ட கரையோரக் கிணறுகள் பல உவர்த்துப் போயின.