தாழ்வாகவும் மெதுவாகவும்: 'லோரைடர்' இதழின் இரு மறைவுகள்

கவிதைக்கும் கட்டுரைக்கும் உரிய இம்மலரில் மோட்டார் கார் இதழொன்றைப் பற்றி எழுதப் புகுவது அன்பர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் நிலைத்து நின்றதைக் கொண்டாடும் வேளையில், நின்றுபோன ஏடு ஒன்றின் கதை எதற்கு என்றும் கேட்கலாம். ஆயினும், பெரிய முதல் ஏதுமின்றி, தம்மைப் பற்றி எவரும் எழுதவில்லை என்ற ஒரே குறையால் உந்தப்பட்டு இதழ் தொடங்கிய மூன்று இளைஞர்களின் கதை இது. இதழ் நடத்தியவர்களுக்கும் நடத்த ஆசைப்பட்டவர்களுக்கும் இதில் அந்நியமாகத் தோன்றக்கூடியது கார் ஒன்றுதான்.

2019 டிசம்பர் 6 அன்று, அமெரிக்காவில் மோட்டார் இதழ்களை வெளியிட்டு வந்த 'டென் பப்ளிஷிங்' நிறுவனம் தன்னுடைய 22 இதழ்களில் 19 இதழ்களின் அச்சுப் பதிப்பை நிறுத்திவிடுவதாக அறிவித்தது. 'மோட்டார் டிரெண்ட்', 'ஹாட் ராட்', 'ஃபோர் வீலர்' ஆகிய மூன்று மட்டுமே பிழைத்தன. நிறுத்தப்பட்டவற்றுள் 1986-இல் டேவிட் ஈ. டேவிஸ் தொடங்கிய 'ஆட்டோமொபைல்' இருந்தது. 'கார் கிராஃப்ட்' இருந்தது. 'ஸ்ட்ரீட் ராடர்' இருந்தது. அவற்றுக்காக வருந்தியவர்களும் பலர் உண்டு. 'லோரைடர்' என்ற பெயரும் அந்தப் பட்டியலில்தான் இருந்தது. மற்றவை காரைப் பற்றிய இதழ்கள். இதுவோ ஒரு மக்கள் கூட்டம் காரை முன்னிட்டுத் தன்னைப் பற்றி எழுதிக்கொண்ட இதழ். இந்த வேறுபாடு அன்றைய அறிவிப்பில் எங்கும் தென்படவில்லை.

லோரைடர் என்பது முதலில் ஒரு காரின் பெயர். பின்னர் அதை ஓட்டுபவனின் பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிஃபோர்னியாவில் வேகமே இளைஞர்களின் சமயமாக இருந்தது. பழைய ஃபோர்டு கார்களின் பொறியை மாற்றி, எடையைக் குறைத்து, நேர்கோட்டில் பறக்கவிடும் 'ஹாட் ராட்' மோகத்துக்கென்றே ராபர்ட் பீட்டர்சன் 1948 ஜனவரியில் ஓர் இதழைத் தொடங்கினார். அதே ஊர்களின் மற்றொரு பகுதியில், மெக்சிகோ வழிவந்த அமெரிக்கர்களின் குடியிருப்புகளில், இளைஞர்கள் நேர்மாறான ஒன்றைச் செய்துகொண்டிருந்தனர். டிக்கியில் மணல் மூட்டைகளை ஏற்றியும், சுருள் ஸ்பிரிங்குகளை அறுத்தும் காரைத் தரையோடு தாழ்த்தினார்கள். தாழ்த்திய காரை எவ்வளவு மெதுவாக ஓட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாக, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கடைத்தெரு வழியே ஓட்டினார்கள். 'பஹீத்தோ இ சுவாவேசீத்தோ' என்பது அவர்களது வழக்கு; தாழ்வாகவும் மென்மையாகவும் என்று பொருள் கொள்ளலாம். வயலிலும் ஆலையிலும் பிறர் குறித்த வேகத்தில் வாரம் முழுதும் உழைப்பவன் தன் சொந்த நேரத்தில் ஊர்ந்து செல்வதை ஏன் விரும்பினான் என்பதை விளக்கத் தேவையில்லை.

அரசுக்கு இது பிடிக்கவில்லை. காரின் எந்தப் பகுதியும் சக்கர வளையத்தின் அடிவிளிம்புக்குக் கீழே இறங்கலாகாது என்று 1950-களின் இறுதியில் கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தில் 24008-ஆம் பிரிவு வந்தது. தடை வந்த இடத்தில் கலை பிறந்தது என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். இங்கே அது உண்மையாகவே நிகழ்ந்தது. 1959-இல் ரான் அகீரே என்பவர் போர்க்கால உபரியாக விற்கப்பட்ட விமான ஹைட்ராலிக் பம்புகளைத் தம் கார்வெட் காரில் பொருத்தினார். ஒரு விசையைத் தட்டினால் கார் தாழும். போலீஸ் தலை தெரிந்தால் மறுபடி தட்ட, சட்டம் சொல்லும் உயரத்துக்கு எழுந்து நிற்கும். 1958 முதல் 1964 வரை வந்த செவ்ரலே இம்பாலா கார்களின் அடிச்சட்டம் குறுக்கெழுத்து 'எக்ஸ்' வடிவில் அமைந்திருந்தது, இந்த ஏற்ற இறக்கத்துக்கு வசதியாயிற்று. அன்று சாதாரணக் குடும்பக் காராக விற்ற இம்பாலா பிற்காலத்தில் தெய்வத்தேர் போல் மதிக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் வண்ணப்பூச்சு தனிச் சாத்திரம். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் இம்பீரியல்ஸ் கார் சங்கத்தைச் சேர்ந்த ஹெஸ்ஸி வலாடெஸ் என்பவர் தம் இம்பாலா ஒன்றின் மீது ரோஜா மலர்களை வரையச் செய்தார். அந்த வண்டி நாசமாக்கப்பட்டது. அவர் 1964-ஆம் ஆண்டு இம்பாலா ஒன்றை எடுத்து, முன்னிலும் அதிகமாக, நூற்றுக்கு மேற்பட்ட ரோஜாக்களை அதில் மலரச் செய்தார். 'ஜிப்சி ரோஸ்' என்ற அந்தக் கார் 1970-களில் ஒரு தொலைக்காட்சித் தொடரின் தொடக்கக் காட்சியில் நாடெங்கும் வீடுதோறும் ஊர்ந்து சென்றது. வேறு கார்களின் மேல் குவாதலூப்பே அன்னை தோன்றினாள். அஸ்தெக் வீரர்கள் தோன்றினார்கள். இறந்துபோன தம்பியின் முகமும் தோன்றியது. ஆனால் இவை எவற்றுக்கும் அன்றைய பெரிய மோட்டார் இதழ்களில் இடம் அரிதாகவே கிடைத்தது.

இந்த வெற்றிடத்தில்தான் 1977 ஜனவரியில் சான் ஹோசே நகரில் 'லோரைடர்' முளைத்தது. சன்னி மாட்ரிட், லாரி கொன்சாலஸ், டேவிட் நூன்யெஸ் ஆகிய மூவரும் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்து மாணவர்கள். சிக்கானோ இயக்கத்தின் காற்றைச் சுவாசித்தவர்கள். (சிக்கானோ என்பது மெக்சிகோ வழி அமெரிக்கர்களைக் குறித்த இழிசொல்லாக இருந்து, 1960-களில் அவர்களே தலை நிமிர்ந்து ஏற்றுக்கொண்ட பெயர்.) இதழை விற்பதற்கு அவர்கள் கண்ட வழி கார்தான்: டிக்கியில் இதழ்க்கட்டுகள், கார் சங்கக் கூட்டங்கள், நடன நிகழ்ச்சிகள், தெருமுனைச் சிறு கடைகள். இதழ்க்கட்டைச் சுமந்து கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தொடக்க கால இதழ்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முதலாவது, அவற்றின் மொழி. ஸ்பானிஷும் ஆங்கிலமும் ஒன்றுக்குள் ஒன்று ஓடிப் பிணைந்த 'காலோ' என்னும் தெருமொழி ஒன்று சிக்கானோக்களிடம் உண்டு. காரை 'ரன்ஃப்ளா' என்பார்கள். தோழனை 'கார்னால்' என்பார்கள், அதாவது ஒரே சதையானவன். பள்ளிக்கூடம் இதைத் தண்டித்தது. ஸ்பானிஷ் அறிந்த மேலோர் இதைக் கொச்சை என்றார்கள். ஆங்கிலேயர்க்கு இது மொழியாகவே படவில்லை. அந்தப் பேச்சு இந்த ஏட்டில் அச்சேறியது. வாசகர் கடிதங்களில், அன்புச் செய்திகளில், படங்களுக்கு அடியில் இட்ட குறிப்புகளில் மக்கள் தாம் பேசியபடியே எழுதினார்கள். எழுதியதைத் திருத்தி மாற்றாமல் விட்டதே அந்த ஆசிரியர்கள் செய்த பெரிய தொண்டு என்று கருதுகிறேன்.

இரண்டாவது, பழைய புகைப்படங்களுக்கென அவர்கள் ஒதுக்கிய 'லோரைடர் பசாதோ' பகுதி. பசாதோ என்றால் இறந்த காலம். வாசகர்கள் தம் வீட்டுப் பெட்டிகளில் கிடந்த 1940-களின் படங்களை அனுப்பினார்கள்: அகன்ற தோளும் கணுக்காலில் குறுகும் கால்சட்டையுமாக 'ஜூட் சூட்' அணிந்த தந்தையர், கூந்தலை உயர்த்திக் கட்டிய தாய்மார், அருகே ஒரு கார். 1943-இல் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் கடற்படையினர் அந்த உடை அணிந்த இளைஞர்களைத் தேடித் தேடி அடித்து, உடையைக் கிழித்தார்கள். அன்றைய நாளேடுகள் பெரும்பாலும் அடித்தவர்களின் பக்கமே நின்றன. அந்தத் தலைமுறை, 'பச்சூக்கோ' என்று தூற்றப்பட்ட தலைமுறை, தன் படங்களைப் பெட்டிக்குள் ஒளித்துவைத்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு பிள்ளைகள் அவற்றை எடுத்து ஒரு கார் இதழுக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். பெருமையோடு அனுப்பினார்கள் என்பதே இதில் முக்கியமானது. பல்கலைக்கழகங்கள் பின்னர் ஆவணம் என்று போற்றத் தொடங்கிய ஒன்றை இந்த ஏடு அந்தப் பெயர் இடாமலே தொகுத்துவிட்டது.

குறைகளையும் மறைக்கலாகாது. விற்பனை உயர வேண்டுமென்று 1970-களின் இறுதியிலேயே நீச்சலுடைப் பெண்களை அட்டையில் போடத் தொடங்கினார்கள். நம் சகோதரிகளை இப்படியா காட்டுவது என்று வாசகர்களிடமிருந்தே கண்டனங்கள் வந்தன. இதழ் விற்றது, வழக்கம் நிலைத்தது. சமூகத்தின் மானத்தைப் பேசவந்த ஏடு அதன் பாதிப்பேரின் மானத்தை விலைபேசியது என்ற குற்றச்சாட்டுக்கு அதை நேசித்தவர்களிடமும் நேரிய பதில் இருந்ததில்லை.

தெருவிலும் நெருக்கடி முற்றியது. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் விட்டியர் பூல்வார்டு, லோரைடர்களின் ராஜவீதி. 1970 ஆகஸ்ட் 29 அன்று, வியட்நாம் போரை எதிர்த்துச் சிக்கானோக்கள் நடத்திய பேரணி கலைக்கப்பட்ட நாளில், பத்திரிகையாளர் ரூபன் சலசார் காவலர் எறிந்த கண்ணீர்ப்புகைக் குண்டு பட்டு இறந்ததும் அதே தெருவில்தான். 1979-இல் அத்தெருவில் கார் உலா தடுப்பு வைத்து மூடப்பட்டது. கும்பல் சண்டையும் வணிகர் முறையீடும் காரணமாகக் காட்டப்பட்டன. இரண்டும் பொய்யல்ல; ஆனால் அவற்றின் சுமை முழுவதும் மெதுவாகப் போன கார்களின் தலையில் விழுந்தது. 1980-களில் ஊருக்கு ஊர் உலாத் தடைகள் வந்தன. இதழ் பிறந்த சான் ஹோசேயும் விலக்கல்ல.

1985 இறுதியில் பண நெருக்கடியில் இதழ் நின்றது. இதுவே அதன் முதல் மறைவு. 1988-இல் ஆல்பெர்ட்டோ லோபெஸின் முயற்சியால் மீண்டும் வந்தது. இம்முறை அது கணக்கு அறிந்த இதழ். பம்புகள், கம்பிச் சக்கரங்கள், மெத்தைத் துணி வகைகள் ஆகியவற்றின் விளம்பரங்கள் பக்கங்களை நிறைத்தன; ஊர் ஊராகக் கார்க் கண்காட்சிகள் நடத்தப்பட்டன; ஜப்பானிலும் பதிப்பு வந்தது. 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடைகளில் மிகுதியாக விற்ற மோட்டார் இதழ்களுள் ஒன்றாயிற்று. 1997-இல் மக்மலன் ஆர்கஸ் நிறுவனம் அதை வாங்கியது. அதன் பிறகு நிறுவனத்தை நிறுவனம் விழுங்க, இதழும் கை மாறிக்கொண்டே போயிற்று. வரலாற்றுக் கட்டுரைகள் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. ஆயினும் இதழின் முதுகெலும்பு இப்போது விளம்பரமாக இருந்தது.

2019-இல் அது நின்றதற்கு லோரைடர் கலை நலிந்துவிட்டது என்பதைக் காரணமாகச் சொல்ல முடியாது. இரண்டு ஆண்டுகள் முன்னர்தான், 2017-இல், ஜிப்சி ரோஸ் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பெற்று, வாஷிங்டனில் மக்கள் திரளும் நேஷனல் மால் வெளியில் கண்ணாடிக் கூட்டுக்குள் வைக்கப்பட்டது. (வலாடெஸ் அதைக் காண இல்லை, 2011-இல் மறைந்துவிட்டார்.) நின்றதற்குக் காரணம் வேறு. உதிரிபாகம் விற்பவருக்கு வாங்குபவனைக் கண்டுபிடிக்க இனி இதழ் தேவைப்படவில்லை, கைத்தொலைபேசி போதும். காரின் படத்தை மூன்று மாதம் கழித்து வண்ணத்தாளில் பார்க்கக் காத்திருக்கவும் எவரும் அணியமாயில்லை. விளம்பரம் போயிற்று; விளம்பரத்தின் மேல் கட்டிய வீடும் போயிற்று. பத்தொன்பது இதழ்களை ஒரே நாளில் நிறுத்தியவர்கள் தங்கள் கணக்கில் பிழை செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆகவே இந்த இரு மறைவுகளில் எது மெய்யானது என்ற கேள்வி எழுகிறது. 1985-இல் கடன் மிகுந்து நின்றபோது அதை நடத்தியவர்களுக்கு அது தம் சொந்த இழப்பு. 2019-இல் அது ஓர் அட்டவணையின் பத்தொன்பது வரிகளில் ஒரு வரி. எனக்குத் தோன்றுவது இதுதான்: இதழ் கைமாறியபோதே தன் மரணத்தின் மேலுள்ள உரிமையையும் கைமாற்றிக் கொடுத்துவிட்டது. ஆனால் வாசகனுக்கு அந்த வேறுபாடு தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். 1998-இல் பதின்ம வயதில், தன் சித்தப்பாவின் காரை அதில் கண்டவனுக்கு உரிமையாளர் எவராக இருந்தால் என்ன? கையில் இருந்தது அதே பெயர்; பக்கத்தில் இருந்தது அதே இம்பாலா.

படங்கள் இன்று கைத்தொலைபேசிகளில் கோடிக்கணக்கில் ஓடுகின்றன. நீச்சலுடை கேட்கும் ஆசிரியரின் அனுமதியின்றிப் பெண்கள் தம் கார்களோடு தாம் விரும்பியபடி தோன்றுகிறார்கள். இது நல்ல மாற்றமே. ஆனால் தந்தையின் படத்தை உறையிலிட்டு, பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி, ஒருவர் அனுப்ப, மற்றொருவர் பிரித்துப் பார்த்து, இது இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் அந்தப் பழைய ஏற்பாட்டுக்கு மாற்று இன்னும் தோன்றவில்லை.

சான் ஹோசே நகர மன்றம் 2022-இல் தன் உலாத் தடையை விலக்கிக்கொண்டது. மறு ஆண்டு அக்டோபரில் மாநிலம் முழுமைக்கும் ஒரு சட்டம் கையொப்பமாயிற்று. உலாத் தடைகளோடு, காரைத் தாழ்த்துவதற்கு எதிரான 24008-ஆம் பிரிவின் கட்டுப்பாடும் 2024 ஜனவரி 1 முதல் நீங்கியது. இதழின் முதல் பிரதி வெளிவந்து சரியாக நாற்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. மாதந்தோறும் வந்த அந்த ஏடு இருந்திருந்தால், அந்த ஜனவரி இதழின் அட்டையில் எதைப் போடுவது என்று அதன் ஆசிரியர்கள் யோசித்திருக்கவே வேண்டியதில்லை.