திருமுறை மின்னேடுகளும் புதுக்குதல் என்னும் வினையும்

ஓலைச்சுவடிகள் வழங்கிய காலத்தே நூல்களைக் காத்தற்கு இருந்த வழி ஒன்றே. பழைய ஏடு செல்லரித்து ஒடியுமுன் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதுதலே அது. பெயர்த்தெழுதப்படாத நூல்கள் இறந்துபட்டன. தில்லையிற் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து பார்த்தபோது தேவார ஏடுகளைச் செல்லுப்புற்று மூடியிருந்ததென்றும், எஞ்சியவற்றையே நம்பியாண்டார் நம்பிகள் தொகுத்தருளினாரென்றும் திருமுறைகண்ட புராணம் கூறுதலைச் சைவ நன்மக்கள் யாவரும் அறிவர். பெயர்த்தெழுதிய பின்னர்ப் பழஞ்சுவடியை ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கமும் இந்நாட்டில் இருந்தது. எழுதினோன் ஓரிடத்திற் பிழைத்திருப்பின், அப்பிழையைக் காட்டுதற்குரிய சான்று அவ்வாற்றோடே போயிற்று.

இக்காலத்தில் திருமுறைகளும் சாத்திரங்களும் கணினியிலும் கைப்பேசிச் செயலிகளிலும் ஓதப்படுகின்றன. அச்செயலிகள் அவ்வப்போது தம்மைப் புதுப்பித்துக்கொள்ளுகின்றன. ‘அப்டேட்’ என்று மக்கள் வழங்குவது இதனையே. இச்சொல் ஒன்றாயினும் இதனாற் குறிக்கப்படும் செயல்கள் இரண்டு. ஒன்று, நூலைத் தாங்கும் கருவியைப் புதுக்குதல். ஓலையை மாற்றுதல் போல்வது. மற்றொன்று, தாங்கப்படும் நூலின் பாடத்தையே மாற்றுதல். முன்னையது நிகழாவிடின் நூல் அழியும். பின்னையது அறிவிப்பின்றி நிகழின் நூல் திரியும். இவ்விரண்டையும் ஒன்றாக மயங்குதலாலேயே சிலர் புதுப்பித்தலை அடியோடு வெறுக்கின்றனர். வேறு சிலர் ஆராயாது அனைத்தையும் ஏற்கின்றனர்.

கருவி மாறிய வரலாற்றை முதலிற் காண்போம். 1998ஆம் ஆண்டு பொங்கற் றிருநாளில் முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழிலக்கியங்களை அன்பர்களைக்கொண்டு தட்டெழுதுவித்து உலகெங்கும் விலையின்றி வழங்கிற்று. திருமுறை நூல்களும் அவற்றுள் அடங்கும். அந்நாளிற் கணினிக்குத் தமிழெழுத்துக் குறிமுறை ஒருவழிப்பட்டு இருந்ததில்லை. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு. ஒன்றில் அடித்ததை மற்றொன்றிற் படித்தல் இயலாது. பின்னர்த் திஸ்கி என்னும் பொதுக்குறிமுறை ஏற்பட, மதுரைத் திட்டத்து நூல்கள் அதில் வெளிவந்தன. 2004ஆம் ஆண்டு முதல் ஒருங்குறியிலும் (யூனிகோடு) வெளியிடப்பட்டன. ஏழாண்டு நிரம்புமுன் மின்னேடு வேறோர் ஓலைக்கு மாறவேண்டியதாயிற்று! பனையோலை பல தலைமுறை நின்றதை நினைப்பார்க்கு இது வியப்பாம்.

இம்மாற்றம் வெறும் படியெடுப்பு அன்று. திஸ்கியிற் ‘கெ’ என்பது கண்ணுக்குத் தோன்றும் முறையிலேயே கொம்பு முன்னும் ககரம் பின்னுமாகப் பதியப்பெறும். ஒருங்குறியிலோ மெய்யின் குறி முன்னும் உயிரின் குறி பின்னுமாக, ஒலிக்கும் முறையில் நிற்கும். ஆதலின் இத்தகைய எழுத்து ஒவ்வொன்றையும் இடம்பெயர்த்து வைத்தாலன்றி நூல் படிக்கத்தக்கதாகாது. இங்கே நேர்ந்த பிழைகளுள் ஔகாரத்தைப் பற்றியது குறிக்கத்தக்கது. ‘கௌ’ என்பது ஓரெழுத்து. ககர எகரமும் ளகரமும் சேர்ந்த ‘கெள’ என்பது ஈரெழுத்து. திரையில் இவை பெரும்பாலும் ஒன்றாகவே தோன்றும். கணினிக்கோ முற்றிலும் வேறு. ‘கௌரி’ என்று தேடுவார்க்குக் ‘கெளரி’ என்று பதிந்த பாடல் அகப்படாது. அம்மையின் திருப்பெயர் அந்நூலில் இல்லையென்றே கருவி விடையிறுக்கும். அதுவேயன்றி, யாப்பினைக் கணிக்கும் கருவியிடம் இச்சொல்லைக் கொடுப்பின் நேரசை நிரையசையாகித் தேமா புளிமாவாய்விடும். அச்சுப்பிழையைக் கண் கண்டுகொள்ளும். இப்பிழையைக் கண் காணமாட்டாது.

இனி, எழுத்துரு மட்டும் மாறிப் பாடம் மாறாதிருத்தலும் உண்டு. 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றின் வரிவடிவைத் திருத்திற்று. ஒருங்குறியில் அப்பழைய வடிவுக்கும் புதிய வடிவுக்கும் குறியீடு ஒன்றே. எவ்வடிவிற் காட்டுவதென்பது எழுத்துருவின் செயல். ஆகவே ஒருநாட் செயலி புதுக்கப்பட்டபின் எழுத்துக்கள் வேறு வடிவிற் றோன்றினும் நூல் மாறிற்றென்று அஞ்ச வேண்டுவதில்லை. பிரணவத்துக்குரிய ‘ௐ’ என்னும் தனிவடிவம் ஒருங்குறியிற் சேர்ந்தது 2008ஆம் ஆண்டில். அதற்கு முற்பட்ட எழுத்துருவையுடைய கருவியிற் பிரணவம் நிற்குமிடத்தில் வெறுங்கட்டமே தோன்றும். கருவியைப் புதுக்குவதே அதற்கு மருந்து.

புதுக்காமையால் விளையும் கேட்டுக்குச் சான்று வேண்டின், ஆப்பிள் நிறுவனம் 2017இல் வெளியிட்ட ஐஓஎஸ் 11 என்னும் இயங்குதளத்தைக் கூறலாம். பழைய 32 பிட்டு முறையில் அமைந்த செயலிகள் அதில் இயங்கா. ஆக்கியோர் மீளச் செப்பஞ்செய்யாத செயலிகள், உள்ளிருந்த நூல்களோடு அக்கருவிகளிற் பயனற்றன. குறுவட்டுக்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே. பாண்டிச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 2007இல் ‘டிஜிட்டல் தேவாரம்’ என்னும் அரிய குறுவட்டினை வெளியிட்டனர். இந்நாளிற் கணினிகள் பலவற்றிற் குறுவட்டுச் செலுத்தும் வாயிலே இல்லை.

பாடம் மாறுதலே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை. பாடம் மாறுதல் குற்றமென்று பொதுப்படக் கூறுதல் பொருந்தாது. திருஞானசம்பந்த சுவாமிகள் பதிகங்கள் முதற் றிருமுறையில் 136, இரண்டில் 122, மூன்றில் 125 ஆக 383 எனக் கொள்ளப்பட்டு வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிடைவாய்த் திருக்கோயிற் கல்வெட்டிலிருந்து ஒரு பதிகம் கிடைக்கவே 384 ஆயின. அதனைச் சேர்த்துப் பதிப்பித்தோர், அது கல்வெட்டிற் கிடைத்ததென்பதையும் வெளிப்பட எழுதினர். அச்சுநூல்களின் இறுதியில் ‘பிழை’, ‘திருத்தம்’ என இரு நிரலாக அமைந்த தாளினைப் பலரும் கண்டிருப்பர். அத்தாளின் பெருமை திருத்தத்தைக் காட்டுதல் மட்டுமன்று, பிழையையும் அழியாது காட்டுதலாம். பிழையென்று ஒருவர் கருதியது நல்ல பாடமேயாயின், பின்வரும் அறிஞர் அதனை மீட்டுக்கொள்ளுதற்கு அத்தாள் இடந்தருகின்றது.

மின்னேட்டில் இத்தாள் பெரும்பாலும் இல்லை. செயலிகளின் அமைப்பும் இருவகை. சிலவற்றில் நூல் செயலியின் உள்ளேயே பொதிந்திருக்கும்; செயலியின் பதிப்பெண் மாறினாலன்றிப் பாடம் மாறாது. வேறு சிலவற்றில் நூல் தொலைவிலுள்ள வழங்கியில் இருந்து ஓதுந்தோறும் வரவழைக்கப்படும். அங்கே ஒருவர் ஒரு சீரை மாற்றின், பதிப்பெண் யாதும் மாறாமலே அனைவர் கையிலும் அச்சீர் மாறிவிடும். நேற்று ஓதிய பாடம் இன்று இல்லை. இருந்ததென்று காட்டச் சான்றும் இல்லை. ஆற்றில் விட்ட ஏட்டின் கதையே இது. அந்நாளிற் பிழை ஒரு சுவடியோடு நின்றது. வேறூர்ச் சுவடி அதனைத் திருத்திற்று. இந்நாளில் எல்லா ஊரும் ஒரே சுவடியை ஓதுகின்றன.

இத்தீங்கினைத் தவிர்த்தல் இயலுவதே என்பதற்குப் பிறசமயத்தார் செயல் சான்றாகும். தைவான் நாட்டில் 1998இல் தொடங்கப்பெற்ற சீபேட்டா என்னும் கழகத்தார், சப்பானில் 1924 முதல் 1934 வரை அச்சான தைசோ பதிப்பினை முதலாகக்கொண்டு சீனமொழிப் பௌத்த நூல்களை மின்னேடாக்கினர். அச்சிற் பிழையென்று தாம் கருதிய இடத்தைத் திருத்துங்கால், மூலப்பதிப்பின் எழுத்தையும் அடக்கி வைத்துத் தம் திருத்தம் இன்னதெனக் குறித்தனர். மதுரைத் திட்டத்தாரும் ஏடுதோறும் தட்டெழுதினார் பெயரும் மெய்ப்புப் பார்த்தார் பெயரும் தந்து நன்றி பாராட்டுவதும், திருத்திய நாளைக் குறிப்பதும் போற்றற்பாலன. திருத்திய நாள் உண்டு. திருத்தியது இன்னதென்னும் நிரலும் உடனிருப்பின் குறையொன்றும் இல்லை.

திருமுறைச் செயலிகளை நடாத்தும் ஆதீனங்களும் அன்பர்களும் எப்பதிப்பைப் பின்பற்றி ஏற்றினரென்பதை முதற்கண் அறிவித்தல் வேண்டும். பாடம் மாற்றுங்கால் முன்னைப் பாடத்தை அடியிற் குறித்தல் வேண்டும். பழைய படியொன்றை எவரும் எடுத்துப் பார்க்குமாறு நிறுத்தல் வேண்டும். ஓதுவோர் செய்யத்தக்கது சிறிது. கட்டுரையில் மேற்கோள் காட்டுவார் செயலியின் பெயரும் பதிப்பெண்ணும் பார்த்த நாளும் குறிப்பாராக. பக்க எண் இங்கே பயன்படாது. எழுத்தைச் சிறிது பெரிதாக்கினும் பக்கம் மாறிவிடும். திருமுறை, பதிகம், பாட்டு என்னும் எண்முறையே ஓலையிலும் தாளிலும் திரையிலும் ஒருபடித்தாய் நிற்பது. அதுவும் பண்முறைப் பதிப்போ தலமுறைப் பதிப்போ என்பதைக் கூறிய பின்னரே.