நாலு சக்கரமும் இழுத்த டிராக்டர்: 1930-ன் மாஸி ஹாரிஸ் ஜி.பி.

அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கம் சேற்றுழவு ஓடும் வயல்களில், முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும் டிராக்டர்களை இப்போது பார்க்க முடிகிறது. 'ஃபோர் வீல் டிரைவ்' என்றதும் ஏதோ நேற்று வந்த சமாச்சாரம் மாதிரி தோன்றும். ஆனால் கனடாவின் மாஸி ஹாரிஸ் கம்பெனி இதை 1930-லேயே செய்து விற்றது. அந்த மாடலின் பெயர் ஜெனரல் பர்ப்பஸ், சுருக்கமாக ஜி.பி. அமெரிக்காவின் ரசீன் நகரில், 1928-ல் விலைக்கு வாங்கிய ஒரு கலப்பைத் தொழிற்சாலையில் தயாரானது.

நாலு சக்கரமும் ஒரே அளவு. ஹெர்குலிஸ் கம்பெனியின் 4 சிலிண்டர் என்ஜின், சுமார் 3.7 லிட்டர். '15-22' என்று குறிப்பிடுவார்கள்: இழுவைக்கு 15 குதிரைத்திறன், பெல்ட் மாட்டி மெஷின் ஓட்ட 22. நம்ம ஊரில் ஓடும் மாஸி 1035 மூன்றே சிலிண்டரில், 2.4 லிட்டரில் 36 ஹெச்.பி. தருகிறது. அந்தக் காலத்து இரும்பு எவ்வளவு சோம்பேறி என்று இதிலேயே தெரியும்!

எனக்குப் பிடித்தது அதன் அச்சு அமைப்பு. ஆக்சிலை உயரத்தில் வைத்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் கியர் மூலம் சக்தியைக் கீழே இறக்கினார்கள். அதனால் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே ஏறத்தாழ 30 அங்குலம் இடைவெளி. வளர்ந்த பயிரின் மேலேயே போகலாம். பின் ஆக்சில் இடமும் வலமும் சாயும் என்பதால், மேடுபள்ளத்திலும் நாலு சக்கரமும் தரையை விடாது.

அப்புறம் ஏன் தோற்றது? சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை மாற்ற முடியாது. 48 அங்குலத்திலிருந்து 76 அங்குலம் வரை பல அகலங்களில் விற்றார்கள், ஆனால் வாங்கும்போதே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். பயிர் மாறி வரிசை இடைவெளி மாறினால் வண்டி உதவாது. என்ஜினிலும் பலம் போதவில்லை. உலகப் பொருளாதார மந்தம் வேறு. 1930-களின் நடுவிலேயே கதை முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹாரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர் கலப்பையை ஹைட்ராலிக்கில் டிராக்டரோடு இணைத்து, அதன் பாரமும் இழுவையும் பின்சக்கரத்தை அழுத்தும்படி செய்தார். சின்ன டிராக்டருக்கு இரண்டு சக்கர இழுவையே போதும் என்றாகிவிட்டது. அவருடைய கம்பெனியோடுதான் 1953-ல் மாஸி ஹாரிஸ் இணைந்தது. 1958-ல் பெயர் மாஸி ஃபெர்குசன் ஆனது. அவர்களோடு கைகோர்த்து 1960-ல் சென்னையில் டாஃபே தொடங்கியது. ஆக, நமக்கு வந்து சேர்ந்தது ஃபெர்குசனின் வழி.

ஆலங்குடி செம்மண்ணில் கடலைக்கு உழ அந்த வழி தாராளமாகப் போதும். நஞ்சையில் அப்படியில்லை. கேஜ் வீல் மாட்டினாலும், இழுக்காத முன்சக்கரம் சேற்றைத் தள்ளிக்கொண்டேதான் போகும். பின்சக்கரம் புதைந்துவிட்டால், அதில் மரக்கட்டையைக் கட்டி ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது இங்கே பலருக்குப் பழக்கம். தயவுசெய்து வேண்டாம். கட்டை சிக்கிச் சக்கரம் சுற்ற முடியாமல் போனால், அந்த விசை டிராக்டரின் உடம்பையே ஆக்சிலைச் சுற்றித் தூக்கும். முன்பக்கம் எழுந்து, ஓட்டுபவர் மேலேயே மல்லாந்துவிடும். குதிக்கக்கூட நேரம் இருக்காது. சக்கரத்தைச் சுற்றியுள்ள சேற்றை வெட்டி ரிவர்ஸில் வரலாம்; இல்லை, இன்னொரு வண்டியைக் கூப்பிடலாம். நாலு சக்கர இழுவையில் முன்பக்கமும் பிடித்து இழுப்பதால் புதைவது குறையும், வரப்பு ஏறுவதும் சுலபம். புதையவே புதையாது என்று நம்பிவிட வேண்டாம்.

சேற்றுழவு வாடகை பிரதானமாக இருந்தால் கூடுதல் விலை கொடுத்து 4 வீல் டிரைவ் வாங்கலாம் என்பது என் கணக்கு. புன்செய் மட்டும்தான் என்றால் அந்தக் காசு வீண்.

வாங்கியவர்களுக்கு ஒன்று. ஜி.பி.யில் நாலும் சம அளவு. இன்றைய வண்டிகளில் முன்சக்கரம் சின்னது. அது தரையில் பின்சக்கரத்தைவிடக் கொஞ்சம் முந்தி ஓடும்படி கியர் அமைத்திருப்பார்கள். சேற்றில் சக்கரம் வழுக்குவதால் அந்த வித்தியாசம் தெரியாது. தார் ரோட்டில் வழுக்க இடமில்லை, டயர்தான் தேயும். வயலை விட்டு ஏறியதும் முன்சக்கர லீவரை எடுத்துவிடுங்கள்.