வல்வைத் தண்டையலின் பணமுடிப்பு

வெளிநாடு செல்வோர் இன்று முதலில் தேடுவது நாணயம் மாற்றும் இடத்தையாகும். நூறாண்டுகளுக்கு முன் வல்வெட்டித்துறையிலிருந்து பாய்க்கப்பல் செலுத்திய தண்டையலுக்கு இத்தொல்லை பெரும்பாலும் இருக்கவில்லை. 1869ஆம் ஆண்டில் இந்திய வெள்ளி ரூபாயே இலங்கையின் சட்டபூர்வ நாணயமாயிற்று. நாகபட்டினத்திலும் அதே ரூபாய். அரிசியும் தேக்கும் ஏற்றிவந்த இரங்கூனிலும் அதே ரூபாய்.

சிக்கல் சில்லறையிலேதான். இலங்கை 1872 முதல் ரூபாயை 100 சதமாகப் பகுத்துக்கொண்டது. இந்தியாவிலும் பர்மாவிலும் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. நாலணா 25 சதம், அதிற் பிணக்கில்லை. ஈரணாவோ பன்னிரண்டரைச் சதம். ஓரணா ஆறேகாற் சதம். எனினும், அரைக்காலும் மாகாணியும் மனப்பாடம் செய்த திண்ணைப் பள்ளி மாணவனுக்கு இது பெரிய வித்தையன்று. ரூபாயில் மாகாணிதானே அணா! அந்நாளில் இலங்கையிற் காற்சதக் காசும் அடிக்கப்பட்டமையால் கணக்குச் சுத்தமாகத் தீர்ந்தது. இன்றைய மாணவர் இதனை மனத்தால் போட்டுக் காட்டுவரோ என்பது ஐயமே.

1885இல் இலங்கை அரசு தன் தாள்நாணயத்தை வெளியிட்டது. அந்தத் தாள் அக்கரையிற் சட்டபூர்வ நாணயமன்று. வெள்ளி ரூபாயோ இரு கரையிலும் செல்லுபடியாயிற்று.

ரூபாயின் எல்லை எதுவரை என்பதை அன்னபூரணி காட்டியது. வல்வை ஓடாவிகள் 1930இல் கட்டிய அக்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் வாங்கினார். வல்வை மாலுமிகளுடன் 1937இற் புறப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. ஏடன்வரை இந்திய ரூபாய் வழங்கியது. சூயசில் எகிப்தியப் பவுண், கிப்ரால்ரரில் ஆங்கிலப் பவுண், முடிவில் டொலர்.

பழைய ஒற்றுமையும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1937இற் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1942இல் அங்கே புகுந்த யப்பானியர் அச்சிட்ட ரூபாய்த் தாள்கள் 1945இல் வெறுங் கடதாசியாயின. உழைத்துச் சேர்த்தவர் கையில் ஒன்றும் எஞ்சவில்லை. 1952இற் பர்மா கியாட் நாணயத்துக்கு மாறியது.

இலங்கையில் 1950இல் மத்திய வங்கி தோன்றியது. 1953இல் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பாட்டன் மடியில் முடிந்துகொண்டு சென்ற பணத்தைப் பேரன் அனுமதியின்றிக் கொண்டுசென்றாற் குற்றம். கடலும் காற்றும் மாறவில்லை. வாணிபம் என்றிருந்த பெயர் கடத்தல் என மாறியது. சட்டத்துக்கு அதன் நியாயம் உண்டு. ஆயினும் கடலையன்றி வேறு பிழைப்பறியாத ஊரார் அதனை எளிதில் ஏற்கவில்லை.

1966 யூன் 6ஆம் நாள் இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரு டொலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாயாயிற்று. இலங்கை ரூபாய் 4.76இலேயே நின்றது. முந்திய நாள்வரை சரிநிகராயிருந்த இரண்டிற்கும் இடையே, 100 இலங்கை ரூபாய்க்கு 157 இந்திய ரூபாய் என்ற அளவில் இடைவெளி விழுந்தது.