புரை குத்திய ஊசியும் பாட்டியின் கண்ணாடியும்

1987 மார்ச்சில் திருவரங்கத்து ராஜகோபுரத்திற்குக் குடமுழுக்கு நடந்தபோது எனக்கு ஏழு வயது. சில மாதங்கள் முன்புதான் பாட்டிக்குத் திருச்சியில் கண்புரை எடுத்திருந்தார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி வழியே 236 அடிக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தவள், "ஏண்டா, கோபுரமே இத்தனை பெரிசா, இல்லே கண்ணாடி பண்ற வேலையா?" என்று கேட்டாள். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். கேள்வி நியாயமானது என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. வில்லையை முழுதாக எடுத்துவிட்ட கண்ணுக்குத் தடித்த கண்ணாடி எல்லாவற்றையும் ஏறத்தாழக் கால் பங்கு பெரிதாக்கியே காட்டும்.

பாட்டிக்கு முந்தைய தலைமுறைகளுக்கு அந்தக் கண்ணாடியும் வாய்க்கவில்லை. சுசுருத சம்ஹிதை சொல்லும் பழைய முறையில் புரையை வெளியே எடுப்பதில்லை. ஊசியால் குத்திக் கண்ணின் உட்புறம் தள்ளிவிடுவார்கள். ஒளி உடனே உள்ளே வரும். நோயாளி விரலை எண்ணிக் காட்டுவார், வைத்தியர் கூலி வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார். அழற்சியும் கண்ணழுத்தமும் வந்து பார்வை அவியும்போது அவர் அங்கே இருக்கமாட்டார். சென்னை அரசு கண் மருத்துவமனையை நடத்திய ராபர்ட் ஹென்றி எலியட், இப்படிக் கெட்ட கண்களையே ஆராய்ந்து முதல் உலகப்போர்க் காலத்தில் ஒரு நூல் எழுதினார். அவர் குரலில் ஆட்சியாளரின் இளக்காரம் உண்டு. ஆயினும் அவர் கண்ட சேதம் பொய்யன்று.

இதற்கு நூறாண்டு முன்பே தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832), கண் நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் குறிப்பேடு எழுதிவைத்திருக்கிறார். நாற்பதுக்கும் மேற்பட்டவை சரசுவதி மகாலில் உள்ளன. சிகிச்சைக்குப் பின் நோயாளி என்ன ஆனார் என்று கவனிக்கும் பழக்கம் அது. ஊர் ஊராகப் போன ஊசிக்காரரிடம் இல்லாதது அதுதான் என்றே எனக்குத் தோன்றுகிறது. திருச்சிக்கு நிலையான கண் மருத்துவமனை 1934இல் ஜோசப் ஞானாதிக்கம் முயற்சியால் அமைந்தது.

1949இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லை பொருத்தினார். அது நம் எளியவர்க்கு எட்டியது, 1992இல் மதுரையில் ஆரோலேப் மலிவாகச் செய்யத் தொடங்கிய பிறகே.

சென்ற ஆண்டு அப்பாவின் முறை. மருத்துவர் இரு வழிகள் சொன்னார். ஒன்று, மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான துளையில் மீயொலியால் புரையைக் கரைத்து உறிஞ்சும் ஃபேகோ. மற்றது, ஆறேழு மில்லிமீட்டர் கீறலில் புரையை முழுதாக வெளியே எடுப்பது. இதற்கும் தையல் இல்லை, செலவு குறைவு. அப்பாவின் புரை கல்லாக முற்றியிருந்தது. இரண்டாவதையே தேர்ந்தோம். மறுநாள் கட்டைப் பிரித்ததும் அவர் கேட்டது அன்றைய நாளிதழை.