அப்போலோவின் காலடியில் ஒரு மரக்கட்டை

தோல் வணிகத்தின் பொருட்டு இத்தாலிக்குப் போய் வருகிறவர்கள் நம் வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் உண்டு. அத்தகைய ஒருவர் வீட்டு அலமாரியில், சாண் உயரத்தில் வெண்ணிற அப்போலோவையோ வீனஸையோ நீங்கள் பார்த்திருக்கக்கூடும். சலவைக்கல் தூளைச் செயற்கைப் பிசினில் குழைத்து அச்சில் வார்த்த பொம்மைதான். அடுத்த முறை பார்க்கும்போது முகத்தை விட்டுவிட்டுக் காலைக் கவனியுங்கள். அப்போலோவின் காலை ஒட்டி ஒரு மரக்கட்டை நிற்கும். இசைக்கும் ஒளிக்கும் உரிய கிரேக்கத் தேவனுக்கு மரக்கட்டை எதற்கு? காட்டில் நிற்பதாகக் காட்டத்தான் என்றார் என் மாணவர் ஒருவர். கெட்டிக்காரத்தனமான விடைதான், ஆனால் சரியன்று.

இப்பொம்மைகளுக்கு முன்மாதிரி, வத்திக்கன் அருங்காட்சியகத்திலுள்ள சலவைக்கல் அப்போலோ. அதுவும் ஒரு நகலே! கி.மு. 4ஆம் நூற்றாண்டில் லியோகாரெஸ் என்னும் கிரேக்கச் சிற்பி வெண்கலத்தில் செய்த சிலையைப் பார்த்து, ரோமானியர் காலத்தில் செதுக்கியது என்று அறிஞர் கருதுகின்றனர். கிரேக்க நாடு ரோமின் ஆட்சிக்குள் வந்தபின், ரோமானியச் செல்வர்கள் தங்கள் மாளிகைகளையும் தோட்டங்களையும் கிரேக்கச் சிலைகளால் அலங்கரிக்க ஆசைப்பட்டனர். மூலச் சிலைகள் எல்லாருக்கும் கிடைக்குமா? கல்லில் நகல்கள் பெருகின.

இங்கேதான் சிக்கல். ஒரு சாக்பீஸை மேசைமேல் நிறுத்தி விரலால் அழுத்துங்கள், எளிதில் உடையாது. இரு முனைகளையும் பிடித்து வளையுங்கள், பட்டென்று முறியும். வளைக்கும்போது ஒரு பக்கம் அமுங்குகிறது, மறுபக்கம் இழுபடுகிறது. கல்லும் இப்படியே. அமுக்கத்தைத் தாங்கும் வலுவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் இழுவிசைக்கு எதிராக அதற்கு உண்டு. வெண்கலத்துக்கு இந்தக் குறை இல்லை. பெரிய சிலையை உள்ளே கூடாகவும் வார்த்துவிடலாம். இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான கல் அப்போலோவோ அடியெடுத்து வைக்கும் நிலையில் நிற்கிறான். எடை முழுவதும் மெல்லிய கணுக்கால்களில் விழுகிறது. ஆகவே கட்டையை முட்டுக் கொடுத்தார்கள். அதன்மேல் ஒரு பாம்பையும் ஊரவிட்டான் சிற்பி. அப்போலோ கொன்ற பைத்தனின் நினைவு. பிளாரன்ஸ் நகரிலுள்ள மெடிச்சி வீனஸுக்கு முட்டு ஒரு டால்பின். கடலில் பிறந்தவள் அல்லவா! (முட்டு இருப்பதாலேயே மூலம் வெண்கலம் என்று தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. முதலிலேயே கல்லில் செய்த சிலைக்கும் முட்டு வேண்டும்.)

வெண்கலம் எப்படி நிற்கும் என்பதைப் பாம்பேயி நகரில் காணலாம். 1830இல் அங்கு ஒரு வீட்டிலிருந்து 71 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆடும் வனதேவன் சிலை கிடைத்தது. எந்த முட்டும் இல்லாமல் கால்விரல்களை ஊன்றி அது ஆடுகிறது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பல் மூடியதால் அது பிழைத்தது. மற்ற வெண்கலச் சிலைகளில் பெரும்பாலானவற்றைப் பிற்காலத்தார் உருக்கி வேறு பொருள்களாக்கிவிட்டனர். அவற்றின் உருவத்தை நாம் அறிவது பெரும்பாலும் கல் நகல்களால்தான். நம் நாட்டுக்கும் ஒரு கிரேக்கத் தேவன் அக்காலத்திலேயே வந்திருக்கிறான்: மகாராஷ்டிரத்தின் கோலாப்பூரில், பிரம்மபுரி மேட்டில் கிடைத்த சிறிய வெண்கலப் பொசைடன், கடல் தேவன்.

கல்லின் குணம் நம் சிற்பிகளுக்குத் தெரியாததன்று. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். தூண்களில் முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகளும் யாளிகளும் அந்தரத்தில் நிற்பதில்லை. உடல் தூணோடு ஒட்டியிருக்கும். தூக்கிய கால்களுக்குக் கீழே வேறு உருவங்கள் இருக்கும். அங்கே டால்பின் செய்த வேலையை இங்கே அவை செய்கின்றன.

அலமாரிப் பொம்மைக்கு வருவோம். உருவம் மாறாமல் சிலையின் உயரத்தைப் பத்தில் ஒன்றாக்கினால், எடை ஆயிரத்தில் ஒன்றாகும். கணுக்காலின் குறுக்குப் பரப்போ நூற்றில் ஒன்றாகத்தான் குறையும். ஆகவே தன் எடையால் அங்கே ஏற்படும் தகைவு பத்தில் ஒரு பங்காகிவிடும். 1638இல் வெளியான தம் நூலில் கலிலியோ விளக்கிய கணக்கு இது. சாண் உயர அப்போலோவுக்குக் கட்டை தேவையே இல்லை. ரம்பம் கொண்டு அறுத்துவிட்டாலும் நிற்பான்; வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.